ஆலை முதலாளி ராபர்ட் ஓவன்

ஒருவனைக் கூலிக்கு அமர்த்துகிறவன் எதை விலைக்கு வாங்குகிறான்? சட்டம் பயின்றவர்களுக்கு இதற்கு விடை எளிது. இத்தனை மணி நேர உழைப்புக்கு இத்தனை ரூபாய் என்பது ஒப்பந்தம். நேரத்துக்கு வராதவனைக் கண்டிக்கலாம். வேலையைக் கெடுத்தவனை விலக்கலாம். முன்பணம் பெற்று ஓடியவன் மீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் வேலைக்கு வந்தவன் அவ்வேலையைத் தன் சொந்த வேலையாகக் கருதிச் செய்ய வேண்டுமென்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது. எழுதி வாங்கினாலும், அதை நிறைவேற்றித் தரும் சக்தி எந்த நியாயஸ்தலத்துக்கும் கிடையாது. சிரத்தை என்பது, கொடுப்பவன் மனமுவந்து கொடுத்தாலன்றிக் கிடைக்கும் பொருளன்று. ஆயினும் ஸ்தாபனங்கள் வாழ்வதும் வீழ்வதும் பெரும்பாலும் அந்த ஒன்றையே பொறுத்திருக்கின்றன.

பத்திரிகை நடத்துகிற நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். நள்ளிரவில், கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும் தறுவாயில், ஆசிரியர் எழுதிய தேதியொன்று தவறு என்று கண்டு, வேலையை நிறுத்திவிட்டு வந்து சொல்லும் பிழை திருத்துவோர் உண்டு. அப்படிச் சொல்ல வேண்டுமென்று அவரை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. கண்டும் காணாதவர் போல் விட்டிருந்தால் அவரைக் கேட்பாருமில்லை. மறுநாட் காலையில் வாசகர் முன் வெட்கித் தலைகுனிய வேண்டியவர்கள் நாமாகவே இருப்போம். அந்த மனிதர் அந்த இரவில் நமக்குக் கொடுத்தது அவருடைய சம்பளக் கணக்கில் எங்கும் காணப்படாத ஒன்றாகும்.

இந்த உண்மையைத் தமது ஆலையில் இருபத்தைந்தாண்டு சோதித்து, உலகம் வந்து பார்க்கும்படி நிலைநாட்டியவர் ராபர்ட் ஓவன். இவரைப் பொதுவுடைமையாளர் என்று சிலரும், கனவு காண்பவர் என்று சிலரும், கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று பலரும் அறிவர். இங்கே நாம் எடுத்துக்கொள்வது அவருடைய கொள்கைகளையன்று. ஆலை நிர்வாகியாக அவர் நடத்திய வாழ்க்கையையே.

இளமை

1771ம் ஆண்டு மே மாதம் 14ந் தேதி வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்னும் சிற்றூரில் ஓவன் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான் விற்பவர். அவ்வூர்த் தபாலையும் அவரே கவனித்து வந்தார். மக்கள் எழுவரில் ஓவன் ஆறாமவர். பள்ளிப் படிப்பு ஒன்பது, பத்து வயதுக்குள் முடிந்துவிட்டது. பத்தாம் வயதில் வீட்டைவிட்டு லண்டனுக்குப் புறப்பட்ட சிறுவன், பின்னர் ஸ்டாம்போர்டு நகரில் மக்கபாக் என்னும் ஜவுளி வியாபாரியிடம் வேலை பழகச் சேர்ந்தான். நல்ல துணி இது, மட்டத் துணி இது என்று கையால் தொட்டே அறியும் திறமை அங்கே வந்தது. பிறகு லண்டன் பாலத்தருகே ஒரு கடை. அதன்பின் மான்செஸ்டரில் ஒரு கடை. பிறருடைய கடைகளில் நின்று, பிறர் ஏவலைக் கேட்டு வளர்ந்த இப்பிள்ளைப் பருவத்தை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஏவலாளியாக இருப்பது எப்படிப்பட்டது என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர் ஓவன்.

பதினெட்டாம் வயதில் தமையனிடம் நூறு பவுன் கடன் வாங்கி, ஒரு கூட்டாளியுடன் நூற்பு யந்திரங்கள் செய்யும் தொழிலில் இறங்கினார். அது நீடிக்கவில்லை. பின்னர்ச் சில யந்திரங்களை வைத்துத் தாமே நூல் நூற்று விற்று வந்தார். அப்போது மான்செஸ்டரில் டிரிங்க்வாட்டர் என்னும் தனவந்தரின் பஞ்சாலைக்கு நிர்வாகி தேவையென்று விளம்பரம் வந்தது. ஓவனுக்கு வயது இருபது. நேரே சென்று விண்ணப்பித்தார். வயது போதாதென்றார் முதலாளி. வாரத்தில் எத்தனை முறை குடிப்பது வழக்கமென்றும் கேட்டார். தாம் குடித்தறியாதவர் என்று இளைஞர் முகஞ்சிவந்து விடையளித்தார். சம்பளம் என்ன வேண்டுமென்று கேட்டபோது, வருஷத்துக்கு முந்நூறு பவுன் என்று தயங்காமல் சொன்னார். அன்று காலையில் வந்த மற்றவர்கள் கேட்ட தொகைகளையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராதென்று முதலாளி திகைத்தார். தமது சொந்தத் தொழிலில் அவ்வளவு கிடைக்கிறதென்று கணக்கைக் காட்டி, அந்தச் சம்பளத்துக்கே ஓவன் அமர்ந்தார்.

ஆறு வார மௌனம்

ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலை அது. முன்னிருந்த நிர்வாகி விலகிப் போய்விட்டார், வழிகாட்ட யாருமில்லை. இருபது வயது இளைஞர் செய்தது என்ன? வந்த அன்றே உத்தரவுகளைப் பிறப்பிக்கவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னே வந்தார்; மாலையில் எல்லோருக்கும் பின்னே சென்றார். ஒவ்வொரு பகுதியையும் பார்த்தார். கேட்ட கேள்விகளுக்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் விடை சொல்லவில்லை. நேரான ஆணை ஒன்றுமிடவில்லை. இவ்வாறு ஆறு வாரங்கள் சென்றன. ஆலையின் ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது, யார் அதைச் செய்கிறார்கள், எங்கே பிழை நேருகிறது என்பதை அறிந்த பிறகே அவர் வாய் திறந்தார். ஆறு மாதங்களில் தொழிலாளர் அவர் வசமாயினர். ஆலையில் ஒழுங்கு பிறந்தது. நூல் முன்னிலும் மென்மையாயிற்று. அவர் பெயர் பொறித்த நூற்கட்டுகளுக்குச் சந்தையில் மதிப்பு ஏறியது.

புதிதாகப் பதவியேற்ற அதிகாரி, தம் வருகையைத் தெரிவிப்பதற்காகவே நாலு சுற்றறிக்கைகளை வெளியிடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஆறு வார மௌனத்தின் அருமை விளங்கும். வேலை செய்கிறவனுடைய வேலையை முதலில் அறிந்துகொள்வது அவனுக்குக் காட்டும் மரியாதை. இந்த மரியாதையை மனிதர் வெகு சீக்கிரத்தில் அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள்.

டிரிங்க்வாட்டர் மகிழ்ந்து, இரண்டாம் ஆண்டுக்கு நானூறு பவுன், மூன்றாம் ஆண்டுக்கு ஐந்நூறு, நான்காம் ஆண்டு முதல் இலாபத்தில் கால் பங்கு என்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். ஆனால் சில காலத்துக்குள் அவருடைய குடும்பத்தில் மருமகனாக வரவிருந்த பெரிய வியாபாரி ஒருவர், வெளியாள் பங்காளியாக இருப்பதை விரும்பவில்லை. முதலாளி தயங்கித் தயங்கி அதை எடுத்துச் சொன்னார். எவ்வளவு சம்பளம் கேட்டாலும் தருவதாகவும் கூறினார். உடன்படிக்கையைக் கையோடு கொண்டுபோயிருந்த ஓவன், அவர் கண் முன்னே அதைத் தீயிலிட்டார். தம்மை விரும்பாதவரோடு பங்காளியாயிருக்கத் தமக்கு மனமில்லையென்று சொல்லி, வேலையையும் விட்டு விலகினார். வழக்கறிஞர் எவரும் இப்படிச் செய்ய யோசனை கூறியிருக்க மாட்டார். நியாயஸ்தலத்தில் அந்தக் காகிதம் செல்லுபடியாகும். ஆனால் மனம் விலகிய இடத்தில் காகிதத்தைக் கொண்டு வேலையை வாங்கிவிட முடியாதென்பதைத் தம் விஷயத்திலேயே ஓவன் உணர்ந்திருந்தார். தமக்கு உண்மையாக இருந்தது பிறர்க்கும் உண்மையாகவே இருக்குமென்று கண்டதுதான் அவருடைய சிறப்பு.

நியூ லானார்க்

ஸ்காத்லாந்தில் கிளைடு நதி அருவிகளாக விழும் பள்ளத்தாக்கில் நியூ லானார்க் என்னும் ஆலைக் கிராமம் இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்து டேவிட் டேல் என்னும் வணிகர் 1785ம் ஆண்டையொட்டி அதை நிறுவினார். நீரின் வேகத்தால் யந்திரங்கள் ஓடின. 1799ம் ஆண்டு ஓவனும் அவர் கூட்டாளிகளும் அந்த ஆலைகளை அறுபதாயிரம் பவுனுக்கு வாங்கினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் டேலின் குமாரி காரோலைனை ஓவன் மணந்தார். 1800ம் ஆண்டு ஜனவரி முதல் ஆலையின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

அங்கே அவர் கண்ட காட்சி இன்பமளிப்பதாக இல்லை. இரண்டாயிரம் ஜனங்கள் இருந்தார்கள். அவர்களில் ஐந்நூறு பேர் கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களின் அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர். டேல் இரக்கமுள்ளவர்; குழந்தைகளுக்கு நல்ல உணவும் உடையும் படிப்பும் ஏற்படுத்தியிருந்தார். ஆனால் அவர் கிளாஸ்கோவிலேயே வசித்தார். ஆலைக்கு வருவது அருமை. பகல் முழுதும் வேலை செய்த குழந்தை இரவில் எழுத்துப் பலகையின் முன் உறங்கி விழுந்தது. பெரியவர்களுள் குடியும் சண்டையும் மிகுந்திருந்தன. பஞ்சும் நூலும் திருட்டுப் போயின. தர்மசிந்தையுள்ள முதலாளி தூரத்தில் இருக்க, அவர் பெயரால் வேறு சிலர் ஆளும் ஸ்தாபனம் எப்படியிருக்குமோ அப்படியே நியூ லானார்க்கும் இருந்தது.

புதிய நிர்வாகியை ஜனங்கள் சந்தேகத்துடனேயே பார்த்தார்கள். வேற்று நாட்டான், வேற்றுப் பேச்சுப் பேசுகிறவன், ஆலையைப் பணங்கொடுத்து வாங்கியவன். தங்களைக் கசக்கிப் பிழிந்து இன்னும் அதிகம் வேலை வாங்கவே வந்திருக்கிறான் என்று அவர்கள் எண்ணியது இயற்கையே. அதற்கு மாறாக நினைக்கும்படி எந்த முதலாளியும் அதுவரை அவர்களிடம் நடந்துகொண்டதில்லை. எனவே அவர் கொண்டுவந்த ஒவ்வொரு மாற்றத்தையும் எதிர்த்தார்கள். வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கக் குழுவினர் வந்தபோது, மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர் வருகிறார் என்று பெண்கள் பரிகசித்தனர் என்பர்.

ஓவன் இந்த எதிர்ப்பைக் குற்றமாகக் கொள்ளவில்லை. தொழிலாளர் நடுவில் யாருடைய சொல்லுக்கு இயல்பாகவே மதிப்பு இருந்ததோ அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, தாம் செய்ய நினைப்பதையும் அதன் காரணத்தையும் பொறுமையோடு எடுத்துரைத்தார். திருடர்களைப் பிடித்துச் சிறைக்கனுப்பாமல், சரக்கு எங்கே குறைகிறதென்று உடனுக்குடன் தெரியும்படி கணக்குமுறையைத் திருத்தினார். திருடுவது கடினமாயிற்று, திருட்டு ஓய்ந்தது. அனாதைக் குழந்தைகளைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் வைப்பதில்லையென்று விதித்தார். வீடுகளைப் பெருக்கினார்; தெருக்களைச் சுத்தம் செய்வித்தார்.

கடை விஷயம் தனியே சொல்லத் தக்கது. அதுவரை கிராமத்துச் சில்லறைக் கடைகளில் மட்டமான சாமான்களைக் கொள்ளை விலைக்குக் கடனாக வாங்கி, ஜனங்கள் கடனிலேயே மூழ்கியிருந்தார்கள். ஓவன் நல்ல சரக்கை மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கி, அடக்க விலையோடு சிறிதே சேர்த்து விற்கும்படி ஆலைக் கடை வைத்தார். குடும்பச் செலவில் கால் பங்கு மிச்சமாயிற்று. கூலியை உயர்த்தாமலே கூலியின் மதிப்பு உயர்ந்தது. கடையில் கிடைத்த சிறு இலாபம் பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பயன்பட்டது. நோய்க்கும் முதுமைக்குமாகத் தொழிலாளர் தங்கள் கூலியில் அறுபதிலொரு பங்கைப் பொது நிதியில் சேர்க்கும் ஏற்பாடும் நடைபெற்றது.

நான்கு வர்ணக் கட்டை

ஓவனுடைய ஏற்பாடுகளுள் வெகு விசித்திரமானது மௌனக் காவலன் என்று அவர் பெயரிட்ட மரக்கட்டை. இரண்டங்குல நீளம், ஓரங்குல அகலம், நான்கு பக்கம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை. ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் ஒரு கட்டை தொங்கும். முந்தின நாள் அவருடைய நடத்தை தீயதாயின் கறுப்பும், சுமாராயின் நீலமும், நல்லதாயின் மஞ்சளும், மிக நல்லதாயின் வெள்ளையும் முன்புறம் தெரியும்படி மேற்பார்வையாளர் திருப்பி வைப்பார். அந்த நிறங்கள் புத்தகத்திலும் பதியப்பட்டன. மேற்பார்வையாளர் அநியாயம் செய்ததாகக் கருதுகிறவர் நேரே ஓவனிடம் முறையிட்டுக்கொள்ளலாம். ஓவன் ஆலையைச் சுற்றி வருவார், கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவார். வசை இல்லை, அடி இல்லை. ஆரம்பத்தில் கறுப்பு மிகுந்திருந்தது. வருஷங்கள் செல்லச் செல்லக் கறுப்பு குறைந்து நீலமும், நீலம் குறைந்து மஞ்சளும், பின்னர் வெள்ளையும் மிகுந்தன என்று அவர் எழுதியிருக்கிறார்.

இம்முறையைப் பற்றி நமக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டோம். வயது வந்த ஆணையும் பெண்ணையும் பள்ளிப் பிள்ளைகள் போல் நிறம் பூசி நிறுத்துவது சுயமரியாதையுள்ளவர்க்கு உறுத்தும். ஆனால் அக்காலத்து ஆலைகளில் மேஸ்திரி கையில் தோல்வார் இருந்ததென்பதையும், குழந்தைகளைக் கூட அடித்து எழுப்பி வேலை வாங்கினார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், தோல்வாரின் இடத்தில் மரக்கட்டை வந்தது சாமானியமான மாறுதலன்று. மேற்பார்வையாளர் மீதே முறையிட இடம் இருந்தது அதைவிடப் பெரிது.

நான்கு மாதக் கூலி

இத்தனை செய்தும் ஜனங்களின் உள்ளம் முழுதும் இளகவில்லை. இவையெல்லாம் முதலாளிக்கும் இலாபந்தானே என்ற சந்தேகம் அடியில் கிடந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சந்தர்ப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரிட்டனோடு ஏற்பட்ட பிணக்கினால் அமெரிக்க ஐக்கிய நாடுகள் பருத்தி ஏற்றுமதியைத் தடுத்தன. முதிய வயதில் சுயசரிதம் எழுதிய ஓவன் இதை 1806ம் ஆண்டு என்று குறித்திருக்கிறார். அமெரிக்கர் தங்கள் துறைமுகங்களை அடைத்த சட்டம் பிறந்தது 1807 டிசம்பரில். பஞ்சு விலை திடீரென்று ஏறியது. அந்த விலைக்கு வாங்கி நூற்றால், தடை நீங்கியதும் பெருநஷ்டம் வரும். ஆலை முதலாளிகள் பலர் யந்திரங்களை நிறுத்தி, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை; வேலையில்லையேல் கூலியில்லை.

ஓவனும் யந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. யந்திரங்களைத் துடைத்து எண்ணெயிட்டுச் செவ்வையாக வைத்திருக்கும் வேலை ஒன்றையே கொடுத்து, நான்கு மாத காலம் எல்லோருக்கும் முழுக் கூலி கொடுத்தார். ஒரு பென்னியும் பிடித்தமில்லை. இதற்கான செலவு ஏழாயிரம் பவுனுக்கு மேற்பட்டது. ஆலைகளை வாங்கிய விலையே அறுபதாயிரம் பவுன் என்பதை நினைத்தால் இத்தொகையின் பளு விளங்கும்.

அந்த நான்கு மாதங்களோடு நியூ லானார்க்கில் எதிர்ப்பு முடிந்தது. ஆறு ஆண்டுகளாகக் கடையும் கட்டையும் உபதேசமும் செய்ய முடியாததை இந்த ஒரு செய்கை செய்தது. காரணம் வெளிப்படை. இலாபம் வரும்போது காட்டும் அன்பை எவரும் காட்டலாம். அது அன்பா, தந்திரமா என்று தொழிலாளி எப்படி அறிவான்? நஷ்டம் வரும்போது அதில் முதலாளி தன் பங்கை ஏற்கிறானா, அல்லது முழுவதையும் அடிமட்டத்தில் இருப்பவன் தலையில் தள்ளுகிறானா என்பதே உரைகல். அந்த உரைகல்லில் ஓவன் மாற்றுக் குறையாத பொன்னாக நின்றார். அதன்பின் அவர் சொன்ன சொல்லை ஜனங்கள் நம்பினார்கள். நம்பிய பின் வேலை தானாகவே நடந்தது.

ஏலத்தில் வென்ற கதை

நிற்க. இதெல்லாம் தர்மம், வியாபாரத்துக்கு ஆகுமா என்று கேட்பவர் அன்றும் இருந்தார்கள். ஓவனுடைய கூட்டாளிகளே அவ்விதம் கேட்டார்கள். பள்ளிக்கூடமும் வீடுகளும் கட்டப் பணம் ஒதுக்குவதை அவர்கள் விரும்பவில்லை. முதற் கூட்டாளிகளுடைய பங்கை 1809ம் ஆண்டையொட்டி, ஆலைகளை எண்பத்து நாலாயிரம் பவுனாக மதித்து, ஓவன் புதுக் கூட்டாளிகளோடு வாங்கிக்கொண்டார். புதியவர்களும் அதே ஆட்சேபத்தை எழுப்பினார்கள். முடிவில் அவரை நிர்வாகத்திலிருந்து விலக்கி, 1813ம் ஆண்டு இறுதியில் ஆலைகளைக் கிளாஸ்கோவில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஓவன் ஆலையைப் பாழாக்கிவிட்டார், நாற்பதாயிரம் பவுன் கூடப் பெறாதென்று பேசிவந்தவர்களே ஏலத்தில் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பவுன் வரையில் கேட்டார்கள். மேலும் நூறு பவுன் ஏற்றி ஓவன் கட்சியார் எடுத்தனர். அவதூறு சொன்னவர்களின் உண்மையான மதிப்பு ஏலக் கொட்டகையில் வெளியாயிற்று.

இம்முறை ஓவன் சேர்த்துக்கொண்ட கூட்டாளிகள் வேறுவிதமானவர்கள். சட்ட சாஸ்திர நிபுணரான ஜெரமி பெந்தம் ஒருவர். குவேக்கர் சமயத்தவரான வில்லியம் ஆலன் ஒருவர். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி எடுத்துக்கொண்டு, மிகுந்ததைத் தொழிலாளர் குழந்தைகளின் கல்விக்கும் பொதுநலத்துக்கும் செலவிட இவர்கள் சம்மதித்தார்கள். பெந்தம் தம் வாழ்நாளில் பணம் போட்டு இலாபம் கண்டது இந்த ஒன்றில்தான் என்பர். முந்தின கூட்டின் நாலாண்டுக் கணக்கைப் பார்த்தபோது, முதலுக்கு ஐந்து வட்டி போக ஒரு லட்சத்து அறுபதாயிரம் பவுன் இலாபம் நின்றதென்று ஓவன் எழுதியிருக்கிறார். அக்காலம் பருத்தி நூலுக்குப் பொற்காலம். அருவி நீர் இலவச சக்தி. ஆகவே இலாபம் முழுவதும் நிர்வாகத்தால் வந்ததென்று நாம் சாதிக்க மாட்டோம். ஆனால் நல்ல நிர்வாகத்தால் நஷ்டம் வருமென்ற வாதம் அன்றே பொய்யாயிற்றென்று தயங்காமல் கூறலாம்.

ஏலச் செய்தி எட்டியதும் நியூ லானார்க்கில் ஜன்னல்தோறும் விளக்கேற்றினார்கள். ஓவன் வண்டியில் திரும்பியபோது ஜனங்கள் எதிர்கொண்டு வந்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துச் சென்றார்கள். மனிதர் குதிரைகளின் வேலையைச் செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. தடுத்துப் பார்த்தும் அவர்கள் கேட்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வேற்று நாட்டான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இவர்களே.

1816ம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அவர் நெடுநாள் கனவு கண்ட கல்விக் கூடம் திறக்கப்பட்டது. நடக்கப் பழகிய குழந்தை முதல் அங்கே இடமுண்டு. அடியும் மிரட்டலும் கூடாதென்பது விதி. படங்களும் பாட்டும் நடனமும் பாடமாயின. பகலில் குழந்தைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் கட்டடம் பயன்பட்டது. அவ்வாண்டிலேயே ஆலை வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்தேமுக்கால் மணியாகக் குறைக்கப்பட்டது. பிற ஆலைகளில் பதின்மூன்றும் பதினான்கும் நடந்த காலம் அது. பத்தாண்டுகளில் இருபதினாயிரத்துக்குக் கிட்டத்தட்டப் பார்வையாளர் வந்து ஏட்டில் கையெழுத்திட்டனர். பின்னாளில் ருஷியச் சக்ரவர்த்தியான நிக்கலஸ் அவர்களுள் ஒருவர்.

யந்திரமும் மனிதனும்

1813ம் ஆண்டு முதல் ஓவன் வெளியிட்ட கட்டுரைகளில் ஆலை நிர்வாகிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் கருத்து இதுவே: உயிரற்ற யந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுது பார்ப்பதால் இலாபம் மிகுகிறதென்பதை எல்லா முதலாளிகளும் அறிவர். அதனினும் நுட்பமான அமைப்புடைய உயிருள்ள மனிதரை அதே கவனத்தோடு பேணினால் இலாபம் எவ்வளவு மிகுமென்று ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? முதலாளிகளுடைய பாஷையிலேயே முதலாளிகளுக்குச் சொன்ன வாதம் இது.

வாதம் பலித்ததா? தம் ஆலையில் பலித்தது. பார்லிமெண்டில் அரைகுறையாகவே பலித்தது. குழந்தைகளின் வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்காக 1815ம் ஆண்டு முதல் ஓவன் பாடுபட்டார். 1819ம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் பஞ்சாலைகளுக்கு மட்டும் உரியது. ஒன்பது வயதுக் குழந்தையை வேலைக்கு வைக்கலாம். பதினாறு வயதுக்குட்பட்டவர்க்குப் பன்னிரண்டு மணி நேரம். சட்டத்தை நடத்தி வைக்கப் பரிசோதகர் எவரும் நியமிக்கப்படவில்லை. நடத்துவாரற்ற சட்டம் காகிதமே என்பதை வழக்கறிஞருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறையும் தோல்வியும்

ஓவனைக் குறையற்றவராக வரைவது உண்மைக்கு மாறாகும். 1819ம் ஆண்டில் நியூ லானார்க்கைப் பார்த்த கவிஞர் ராபர்ட் சதே, அங்கே கண்ட ஒழுங்கை வியந்தாரெனினும், அடிமைகளை வைத்து நடத்தும் தோட்டத்துக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே என்று தம் பிரயாணக் குறிப்பில் எழுதினார். இது கடுமையான தீர்ப்பு; ஆயினும் முழுப் பொய்யன்று. நியூ லானார்க்கில் எல்லாம் ஜனங்களுக்காக நடந்தது. ஜனங்களால் நடந்தது சிறிதே. விதி செய்தவர் ஓவன். மேல்முறையீட்டைக் கேட்டவரும் ஓவன். கருணையுள்ள நீதிபதி கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் உரிமையாகாது. கூட்டாளிகளுக்கும் அவருக்கும் மத விஷயத்திலும் பள்ளிப் பாடத்திலும் பிணக்கு முற்றியபோது, 1824ம் ஆண்டில் பள்ளியின் போக்கை மாற்ற உடன்பாடு ஆயிற்று. அவருடைய கை விலகியதும் அவருடைய பள்ளியும் மாறியது.

அதன் பின்னர் அவர் அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் ஒரு கிராமத்தை விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்று பெயரிட்டு, 1825ம் ஆண்டில் சமத்துவ வாழ்வு வாழ எல்லோரையும் அழைத்தார். நூற்றுக்கணக்கானோர் வந்து குவிந்தனர். வந்தவர்களில் பேசத் தெரிந்தவர் பலர்; உழவும் கைத்தொழிலும் தெரிந்தவர் சிலர். ஓவனோ சில வாரங்களில் இங்கிலாந்துக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் மீண்டும் வந்தார். இரண்டு ஆண்டுகளில் ஏழு அரசியலமைப்புகள் எழுதப்பட்டன. 1827ம் ஆண்டில் முயற்சி சிதைந்தது. அவருடைய செல்வத்தில் ஐந்தில் நாலு பங்கு, சுமார் நாற்பதாயிரம் பவுன், அதில் போயிற்று.

மான்செஸ்டரில் ஆறு வாரம் வாய் திறவாமல் வேலையைக் கற்ற மனிதர், இங்கே ஆட்களை அறிவதற்கு முன்னே திட்டத்தை அறிவித்தார். டேல் கிளாஸ்கோவில் இருந்துகொண்டு நியூ லானார்க்கை நடத்திய குறையைக் கண்டவர், தாமே கடலுக்கப்பால் இருந்துகொண்டு நியூ ஹார்மனியை நடத்தப் பார்த்தார். நல்லெண்ணம் ஒன்றே போதுமென்று நம்புகிறவர்களுக்கு இது பாடம். ஜனங்களின் சிரத்தை பற்றிக்கொள்ள அர்த்தமுள்ள ஒரு பொது வேலை வேண்டும். வேலைக்கேற்ற திறமை வேண்டும். கூட இருந்து காணும் தலைமை வேண்டும்.

அவருக்குப் பின்

எஞ்சிய முப்பது ஆண்டுகளில் அவர் செல்வந்தரல்லர். தொழிலாளர் இயக்கத்தின் பெரியவர். 1834ம் ஆண்டில் மாபெரும் தொழிற்சங்கம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அது அவ்வாண்டே சிதறியது. ஆனால் அவருடைய கருத்தில் ஊறிய எளிய மனிதர் சிலர் 1844ம் ஆண்டில் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை ஒன்று திறந்தனர். நியூ லானார்க்கில் முதலாளி வைத்திருந்த கடையை, ராச்டேலில் வாங்குகிறவர்களே தங்களுக்காக வைத்தார்கள். ஓவன் விட்ட குறை அங்கே நிரம்பியது. அந்த ராச்டேல் வழியைப் பின்பற்றியே நம் சென்னையில் 1904ம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. கிளைடு நதிக்கரையில் இட்ட வித்து திருவல்லிக்கேணி வரை படர்ந்ததென்பது நம்மவர் நினைவிலிருக்கத் தக்கது.

1858ம் ஆண்டு நவம்பர் மாதம் 17ந் தேதி, பிறந்த ஊரான நியூடவுனிலேயே, எண்பத்தேழாம் வயதில் ஓவன் காலமானார். பெற்றோரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார். நியூ லானார்க் ஆலைகள் அவருக்குப்பின் நூறாண்டுக்கு மேல் ஓடி, 1968ம் ஆண்டில் நின்றன. 2001ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் அக்கிராமத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

இன்று மௌனக் காவலன் மரக்கட்டையாக இல்லை. கணக்கிடும் யந்திரத்துக்குள் புகுந்து, ஒவ்வொரு நிமிஷத்தையும் அளக்கிறது. ஊழியர் மனநிலையை ஆராய வருஷந்தோறும் கேள்வித்தாள் அனுப்பும் ஸ்தாபனங்களும் உண்டு. இவற்றால் பயன் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் நியூ லானார்க்கில் ஜனங்களின் உள்ளத்தைத் திறந்தது நான்கு வர்ணக் கட்டையன்று. நான்கு மாதக் கூலி. ஊழியரிடம் சிரத்தையை எதிர்பார்க்கும் நிர்வாகிகள் முதலில் தங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். நம்மிடம் வேலை செய்பவருடைய வேலை இன்னதென்று நாம் அறிவோமா? நஷ்டம் வந்த காலத்தில் அதன் பளுவை நாம் யார் தலையில் வைத்தோம்? இவ்விரண்டுக்கும் நாணாமல் விடை சொல்லக்கூடியவருக்கு, சம்பளப் பட்டியலில் காணப்படாத அந்தப் பொருள் கேளாமலே கிடைக்கும். சொல்ல முடியாதவர் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், அவருக்குக் கிடைப்பது ஊழியருடைய நேரம் மட்டுமே.